சிவசங்கர் கடை நம்பர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் சிவசங்கரின் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவனுடையது மணலூர்பேட்டையில் கரும்பு போடுகிற குடும்பம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவன், சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடம் போனில் திட்டு வாங்கி, வயிற்றுப்புண்ணோடு திரும்பி வந்து கடை போட்டான். “கம்ப்யூட்டர் படிச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கினு கீறான்” என்று அவன் அப்பா இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஆனால் இன்ஜினியரிங் கலந்தாய்வு நடக்கிற மாதங்களில் அவனுக்குத் தனி மரியாதை. எந்தக் காலேஜை முதலில் போடுவது, எந்தப் பாடத்தை அடுத்துப் போடுவது என்று பிள்ளைகள் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் செய்வான். வெள்ளிமலையைத் தாண்டிப் பல ஊர்களில் டவர் எடுக்காது. வீட்டுக்கு ஒரு பட்டன் போன் இருந்தாலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால் விண்ணப்பத்தில் தன் நம்பரையே போட்டுக்கொள்வான். ஓடிபி, தகவல் எல்லாம் அவனுக்கு வரும். மலை பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவான். தான் போக முடியாத கம்பெனிகளுக்கு இந்தப் பிள்ளைகளாவது போகட்டும் என்று நினைப்பான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

முனியன் மகள் தமிழ்மொழிக்கும் தன் நம்பரைத்தான் போட்டான். முனியன் கிடைத்த கூலி வேலைக்குப் போகிறவர். பெண் கணக்கில் கெட்டி. “நீங்க பஸ்ஸுக்குச் செலவு பண்ணிக்கினு அலையாதீங்க. வந்தா நானே பார்த்துக்கறேன்” என்று அவர்களை அனுப்பி வைத்தான்.

வந்த தகவலை அவன் பார்க்காமல் இல்லை. அன்றைக்கு எலவனாசூர்கோட்டை கோயிலில் அவன் மகள் தேவதர்ஷினிக்குக் காது குத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் திமிறிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தமிழ்மொழிக்கு அரசு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். மறுநாள் மாலைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைத் திரும்பப் பையில் போட்டான். மச்சான்கள் அன்றைக்கும் விடவில்லை, கறி விருந்து நடந்த மறுநாளும் விடவில்லை. ஊர் திரும்பிக் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோதுதான் நினைப்பு வந்தது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

உதவி மையத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது, துணைக் கலந்தாய்வில் ஏதாவது மிச்சமிருந்தால் பாருங்கள் என்றார்கள்.

“சர்வர் வேலை செய்யலன்னு சொல்லிடுங்க” என்றாள் மனைவி கமலா, சோறு போட்டபடி. “ஊர்ல எல்லாரும் அதத்தான சொல்றாங்க. சர்வர் வந்து இல்லன்னு சொல்லப் போவுதா இன்னா?”

அவன் சாப்பிட்டு முடிக்காமலே எழுந்து கை கழுவினான்.

கண்டக்டரிடம் சொல்லியனுப்பியதில் அடுத்த நாள் முனியனும் மகளும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். சிவசங்கர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னான்: “சர்வர் மக்கர் பண்ணிடுச்சிங்க. சீட்டு தவறிப்போச்சு.”

தமிழ்மொழி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முனியன்தான் பேசினார். “வுடு கண்ணு. மிசினு பண்ணதுக்கு சாரு இன்னா செய்வாரு? நமக்கோசரம் அவரு எவ்ளோ பாடுபட்டுக்கினு கீறாரு.” பிறகு அவனிடம், “நீங்க மனசுல வெச்சிக்காதீங்க சார். மூஞ்சே வாடிப்போச்சு உங்களுக்கு. டீ சொல்லட்டுங்களா?”

“வேணாங்க.”

துணைக் கலந்தாய்வுக்கான பக்கத்தைத் திறந்தான். பெயர், மார்க், சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் ஏறின. கைபேசி எண் என்ற கட்டம் வந்தது. அவன் விரல் நின்றது.

“உங்க நம்பரே போடுங்கண்ணா” என்றாள் தமிழ்மொழி.

“என் நம்பர் வேணாம்மா.”

“ஏண்ணா?”

பிரிண்டர் யாருடைய ஆதாரையோ மெதுவாகத் துப்பிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்பதுபோல் காத்திருந்தான். முடிந்தது.

“சர்வர்லாம் ஒண்ணும் ஆவல. தகவல் வந்துச்சு. அரசு காலேஜு, நீ கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸு. என் பொண்ணுக்குக் காது குத்து. அப்புறம் பார்த்துக்கலாம்னு வுட்டுட்டேன்.”

முனியனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. “பார்த்தீங்களா? பார்த்துட்டுதான் வுட்டீங்களா?”

“ஆமாங்க.”

திட்டுவார் என்று சிவசங்கர் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “காது நல்லா ஆறிடுச்சா பாப்பாவுக்கு?” என்று கேட்டார். குத்திக்காட்டத்தான் கேட்டாரா, வேறு பேச்சில்லாமல் கேட்டாரா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

தமிழ்மொழி அழவில்லை. “வேற நம்பருக்கு எங்க போறது? இங்க கீற எங்க அத்தைகிட்டகூட போனு இல்ல. உங்களுதே இருக்கட்டும்” என்றாள். “நான் அவங்க வூட்ல தங்கிக்கினு தெனம் வரேன். போனு எங்கிட்ட இருக்கணும்.”

மறுநாளிலிருந்து கடை திறக்கும்போதே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். அவன் மனைவி கூப்பிட்டால்கூட அவள்தான் எடுத்து, “கமலாக்கா” என்று நீட்டினாள். வருகிறவர்கள், “வேலைக்கு ஆள் வெச்சிட்டீங்களா?” என்று கேட்டார்கள். “இல்லீங்க” என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்த்தான்.

ஒருநாள் மலையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மகனின் விண்ணப்பத்துக்கு, “உங்க நம்பரே போட்டுக்கோங்க சாரு” என்றார். சிவசங்கர் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. “உங்க சொந்தத்துல யாருதுனா நம்பர் குடுங்க மாமா. இல்லாங்காட்டி நீங்களே தெனம் வந்து பாருங்க.”

அவன் தலை நிமிரவில்லை.

தகவல் ஒரு மத்தியானம் வந்தது. அவள் படித்தாள், மறுபடி படித்தாள், எழுந்து வந்து அவனிடம் காட்டினாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. தூரத்தில் ஒரு தனியார் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ்.

“இத படிச்சாலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போலாமாண்ணா?”

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவன் முன்பு கால் மணி நேரம் பேசுவான்.

“போலாம்” என்றான். “கொஞ்சம் சுத்திப் போவணும்.”

அவள் தலையாட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்மதத்தை அழுத்தினாள். ஓடிபி வந்தது. அதை அவளே பார்த்து, அவளே போட்டாள்.