டிஸ்க்கில் நான் விட்ட எண்ணெய்

நான் தையற்காரன். ஊசி விரலில் ஏறினால் பயப்பட மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். இடி, நாய், டவுன் பஸ் டிரைவர்கள், எல்லாமே பயம்தான். எல்லாவற்றையும் விட அதிகப் பயம் எங்கள் வாய்க்கால் பாலத்தை நினைத்தால்தான். செலியமேட்டிலிருந்து போகிற ரோடு அந்தப் பாலத்தில் ஏறி, சரேலென்று இறங்கி, நேரே மெயின் ரோட்டில் போய் முட்டும். அங்கே பஸ்ஸும் லாரியும் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. என் மனைவி தினமும் காலையில் அந்த வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். பிள்ளையார்குப்பம் பக்கம் ஒரு கேன்டீனில் சமையல் வேலை.

சைக்கிள் அவள் ஆசைப்பட்டு போனில் பார்த்து வாங்கியது. மலிவு சைக்கிள்தான், ஆனாலும் பைக்குக்கு இருப்பது போல டிஸ்க் பிரேக். அட்டைப்பெட்டியில் பாதி பூட்டியும் பாதி பூட்டாமலும் வந்தது. மிச்சத்தை நான் பூட்டினேன். கோளாறு அன்றைக்கே தெரிந்தது. பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடத்தில் ‘ஸ்ஸ்க்’ என்று உரசியது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெல்லிய இரும்புத் தட்டு. அதைக் கவ்விப் பிடிக்க ஃபிரேமில் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் இந்தப் பக்கம் ஒரு பிரேக் கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை. பெட்டி நேராக உட்கார்ந்தால் தட்டு நடுவில் ஓடும். எங்களுடையது கோணலாக உட்கார்ந்திருந்தது. வீடியோ பார்த்து, பெட்டியின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே முறுக்கினேன். பிரேக்கை விட்டதும் மறுபடி கோணல். நாலு தடவை இதே கதை. வந்த எரிச்சலில் பின் பிரேக்கின் கேபிளைத் தளர்த்தி விட்டேன். உரசல் குறைந்தது. பிரேக்கும்தான் குறைந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. “சரியாயிடுச்சி, ஓட்டு” என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாளில் சத்தம் திரும்ப வந்தது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

என் தொழிலில் சத்தத்துக்கு ஒரே மருந்துதான், எண்ணெய். மெஷின் கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு விடுவேன், வாயை மூடிக்கொள்ளும். பூஜைக்காக மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்த கையோடு சைக்கிளையும் இழுத்துப் போட்டேன். ஃபிரேமைக் கழுவித் துடைத்தேன். பிறகு மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து, முன் டிஸ்க்கிலும் பின் டிஸ்க்கிலும் தாராளமாக விட்டு, துணியால் பளபளவென்று தேய்த்தேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரட்டா?” என்று அவள் கேட்டாள்.

“பூஜைல வச்சத இன்னிக்குத் தொடக் கூடாதுடி. நாளிக்கு எலுமிச்சம்பழம் மேல ஏத்திட்டு எட்த்துனு போ” என்றேன். இதில் மட்டும் நான் கண்டிப்பு. பூஜைக்கு வைத்த கத்தரிக்கோலைக்கூட மறுநாள் கற்பூரம் காட்டாமல் தொட மாட்டேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டினேன். சக்கரங்களுக்குக் கீழே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். “சத்தமே இல்லய்யா!” என்று திரும்பிச் சிரித்தாள். தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு, நல்ல நாளில் நாலு தையலாவது போடலாம் என்று மெஷினில் உட்கார்ந்தேன்.

ஒரு சட்டைக் காலரை ஓட்டினேன். திருப்பத்தில் நிறுத்த, மிதிப்பதை விட்டு, எப்போதும் போல உள்ளங்கையை மெஷின் சக்கரத்தின் மேல் வைத்தேன். கை வழுக்கியது. நேற்று மெஷினுக்கு விட்ட எண்ணெய் சக்கரத்தின் மேலும் பட்டு அப்படியே இருந்தது. ஊசி காலரைத் தாண்டி இன்னும் நாலைந்து குத்து குத்திவிட்டுத்தான் நின்றது.

என் உள்ளங்கையைப் பார்த்தேன். எண்ணெய் மின்னியது. பிரேக் என்பதும் இதே கைதானே. கட்டை பிடிக்க வேண்டிய இடத்திலேயே எண்ணெய் விட்டிருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டாக விட்டிருக்கிறேன்.

போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சைக்கிளில் போகும்போது போன் அவள் சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் மொபெட்டைச் சாவியோடு பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எதற்கு என்று அவர் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வழியெல்லாம் அந்த இறக்கம்தான் கண்ணுக்குள் இருந்தது. அவள் பிரேக்கைப் பிடிக்கிறாள், பிடிக்கிறாள், சைக்கிள் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் குலதெய்வத்திடம் மொட்டை, கூழ், கிடா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

பாலத்தின் மேல் ஏறியபோது கீழே மெயின் ரோட்டில் ஒரு பஸ் நின்றிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நாலைந்து பேர். இறங்கிப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. மொபெட்டோடு அப்படியே நின்றேன். பிறகு அந்த நாலைந்து பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் நகர்ந்தது. அதற்கு அந்தப்பக்கம் ரோட்டோரத்தில் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மொபெட்டை உருட்டிக்கொண்டே இறக்கத்தில் ஓடினேன்.

“இன்னாயா, காலுல செருப்புகூட இல்லாம ஓடியாந்துகீற? வூட்ல எதுனா ஆச்சா?”

“பிரேக்கு… பிரேக்கு புடிக்கல இல்ல?”

“எனக்கின்னா தெரியும்? இந்த எறக்கத்துல நான் எப்பவும் தள்ளிகினுதான வருவேன்.”

“எப்பலேர்ந்து?”

“நீ சரியாயிடுச்சின்னு சொன்ன அன்னியிலேர்ந்து. பின் பிரேக்கு புடிச்சா நிக்கல. முன் பிரேக்க மட்டும் புடிச்சா கவுத்துடும்னு பயம். ஊருக்குள்ள காலை ஊனி நிறுத்திப்பேன். உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவ.”

இரண்டு பிரேக் கைப்பிடியையும் அழுத்திச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். பின் பிரேக்கின் கைப்பிடி ஹேண்டில்பாரில் போய் முட்டியது. இரண்டு சக்கரமும் சத்தமில்லாமல் உருண்டன. அவள் உயிரோடு நிற்பதற்குக் காரணம், அவள் என் வேலையை நம்பாததுதான். நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. சைக்கிளைப் பெட்டிக்கடை ஓரமாகப் பூட்டிவிட்டு, அவளை மொபெட்டில் கொண்டுபோய் வேலையில் விட்டேன்.

மொபெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத் தைக்க வேண்டிய சட்டைகள் அப்படியே கிடந்தன. பாகூர் சைக்கிள் கடைக்காரர் என் வாயால் கதையைக் கேட்டுவிட்டு, “எண்ணெ குடிச்ச கட்டை இனிமே ஆவாதுண்ணா, தூக்கிப் போடு” என்று நாலு புதுக் கட்டை கொடுத்தார். டிஸ்க் இரண்டையும் கழற்றி, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் வைத்தேன். பிறகுதான் பின்னால் அந்தப் பெட்டி உட்காரும் இடத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். வெல்டிங் செய்தவர் ஒரு பொட்டு அதிகமாக வைத்திருக்கிறார். அதன் மேல் பெயின்ட் கட்டியாக உறைந்திருக்கிறது. தரை மேடாக இருந்தால் பெட்டி எப்படி நேராக உட்காரும்? அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அப்படியும் ஒரு பக்கம் மயிரிழை தாழ்வு. பவுடர் டப்பாவின் தகரத்தில் ஒரு வளையம் வெட்டி, அந்தப் பக்கத்துப் போல்ட்டுக்கு அடியில் கொடுத்தேன்.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை லைனிங் துணியைப் பிடித்துக்கொண்டு இடைவெளியைப் பார்த்தேன். தையல் கோணலைக் கண்டுபிடிக்கிற கண் அது, இப்போது உதவியது. இந்த மாதிரி பிரேக்கில் ஒரு கட்டைதான் நகரும், மற்றது அசையாது. அசையாத கட்டையை ஸ்க்ரூவைத் திருப்பி, ஒரு தாள் நுழைகிற தூரத்துக்குக் கொண்டுவந்தேன். போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். கேபிளை இழுத்துக் கட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு ஒரே அகலத்தில் தெரிந்தது.

சாயங்காலம் பாலத்துக்கு நானே ஓட்டிப் போனேன். மூன்று தடவை இறங்கினேன், மூன்று தடவையும் பிரேக்கைப் பிடித்ததும் பாதியில் நின்றது. மூன்று தடவையும் வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் காலை பாலம் வரை அவளோடு நடந்து போனேன். உச்சியில் அவள் நின்றாள்.

“சரியாயிடுச்சா?”

“நானே மூணு தடவ எறங்கிப் பாத்தேன்.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, இறக்கத்தில் விட்டாள். நேற்றெல்லாம் இவள் என்னை நம்ப வேண்டும் என்றுதான் தவித்தேன். நம்பிவிட்டாள். சேலைத் தலைப்பு பறக்கப் போகிறாள். கீழே ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. தகரத்தில் வெட்டிய அந்த வளையம் ஞாபகத்துக்கு வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

“ஏய், எறங்குடி! எறங்கித் தள்ளிகினு போடி!” என்று பாலமே அதிரக் கத்தினேன்.

அவள் இறக்கத்தின் நடுவிலேயே பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. ஒரு காலை ஊன்றித் திரும்பி, “இன்னாயா?” என்றாள்.

“ஒன்னுமில்ல, போ” என்றேன்.