கலைச்செல்வி திருத்தி எழுதிய அத்தியாயம்

ஈரத் தலைமுடியும் சூடாக மூடிய டிபன் பாக்ஸும் கலந்த ஒரு வாசனை... லால்குடியிலிருந்து வரும் காலை ரயிலில் லேடீஸ் பெட்டிக்கு அதுதான் அடையாளம். நானும் கலைச்செல்வியும் ஸ்ரீரங்கத்தில் அதில் ஏறுவோம்.

இருவரும் அப்போது பிஎச்டி மாணவிகள். தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. கேள்வித்தாள் எதுவும் கிடையாது. கூடவே பயணம் செய்வாள், பேச்சுக் கொடுப்பாள், கேட்பாள்.

ஒரு நாள் அந்தப் பெட்டியிலேயே ஒரு வளைகாப்பு நடந்தது. தில்லை நகர் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷனிஸ்டாக இருந்த ஜோதிக்கு. கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், எல்லோருக்கும் பேப்பர் தட்டில் புளிசாதம்.

கலை அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதினாள். வீட்டின் பிடியிலிருந்து சடங்கைப் பெண்கள் வெளியே எடுத்து வருகிறார்கள், இது ஒரு மௌன எதிர்ப்பு என்று. அவள் படித்து வைத்திருந்த தியரி கச்சிதமாகப் பொருந்தியது. கைடுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அவள் அதை ஜோதியிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே. லால்குடியில் ஜோதியின் வீட்டுக்குப் போனோம். ஜோதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு... ஆனா வளையல் வாங்கிக் குடுத்து விட்டதே என் மாமியார்தான். மாமனார் தவறி வருஷம் திரும்பல, வீட்டுல விசேஷம் வைக்கக் கூடாது. அவங்க கையாலயும் போட முடியாதுல்ல. 'ரயில்ல போட்டுக்கம்மா, அங்க யாரு கேக்கப் போறா'ன்னாங்க. புளிசாதமும் அவங்க கிளறுனதுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் சொன்னேன், "ஒரு ஃபுட்நோட் போட்டு விட்டுடு, கலை."

"இல்லடி. அந்தம்மா இல்லன்னா அந்த அத்தியாயமே இல்ல."

கைடு கோபித்துக்கொண்டார். சமர்ப்பிப்பது தள்ளிப்போனது. கிடைக்கவிருந்த காலேஜ் வேலையும் கைநழுவியது. அவள் மறுபடி ரயில் ஏறினாள், மறுபடி பேசினாள், முதலிலிருந்து எழுதினாள்.

கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கேட்டார், "அப்ப தியரி தப்புங்கறீங்களா?"

"இல்லங்க சார். அது இல்லாட்டி நான் அந்தப் பெட்டிய வெறும் பெட்டியாத்தான் பாத்திருப்பேன். என்ன கேக்கணும்னு அது சொல்லிக் குடுத்துச்சு. பதிலையும் அதுவே சொல்லிடும்னு நான்தான் நம்பிட்டேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த மாமியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னார்.

இப்போது நானும் ஆய்வு மாணவர்களுக்கு கைடு. பேட்டிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே எழுத்தாக்கி, எது எதைப் பற்றியது என்று பிரித்தும் கொடுத்துவிடுகிறது. வசதிதான். அன்று கிடைத்திருந்தால் நாங்களும் விட்டிருக்க மாட்டோம். பிள்ளைகள் நன்றாகவும் எழுதுகிறார்கள்.

ஆனால் தான் எழுதியது தப்பாக இருக்கலாம் என்ற பயத்தோடு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றிய இன்னொருத்தியை... அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.