படலை வரைக்கும் நேரலை

எங்கள் வீட்டில் எது ஓடாமல் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவோடு ஊரில் மிஞ்சியவள் நான் ஒருத்திதான் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. பிரான்சிலிருந்து தம்பி காசு அனுப்பி வாங்கிய பெரிய ரீவியில் அம்மா இன்டர்நெட் வழியாக நாடகம் பார்ப்பார். திரையில் வட்டம் சுற்றிப் படம் நின்றாலும் "சுத்துது" என்பார், சத்தம் வராவிட்டாலும் "சுத்துது" என்பார், பாஸ்வேர்ட் கேட்டாலும் அதே சொல்தான். திரையில் என்ன நிற்கிறது என்று சொன்னால்தானே அதைத் திருத்தலாம் என்று அடுப்படியிலிருந்து நான் கத்துவேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். உடம்பில் வருத்தம் இன்னதென்று சொல்லாமல் மருந்து மட்டும் கேட்கிற ஆட்களோடு காலம் தள்ளுகிறேன் என்று என் கணவரிடம் குறைப்படுவேன்.

அந்த அம்மா போன மாரியில் நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு அப்போதுதான் ஒப்பரேஷன் நடந்திருந்தது. விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். தம்பிக்கோ விசா இல்லை. அகதி வழக்கு முடியாமல் இழுபடுகிறது. வந்தால் திரும்பிப் போகமுடியாது, போகாவிட்டால் இங்கே என்ன செய்வான் என்றும் தெரியாது. கொள்ளி வைக்கிற பொறுப்பை என் மூத்த மகன் எடுத்துக்கொண்டான். மற்ற வீடுகளில் செய்வதுபோல நாங்களும் வீடியோக்காரரைப் பிடித்து நேரலைக்கு ஏற்பாடு செய்தோம். சுடலை கடற்கரையோரம், அங்கே சிக்னல் நிற்பதில்லை, அதனால் வாசல் படலை வரைக்கும்தான் நேரலை, மற்றதைப் பதிவுசெய்து பிறகு தருகிறேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இதைத் தம்பிக்குச் சொன்னபோது பதிவு தனக்கு வேண்டாம் என்றான். "பிறகு பாக்கிறது படம் பாக்கிறமாதிரி அக்கா. பெட்டி மூட முதல் அம்மாவின்ரை முகத்தை நான் பாக்கவேணும். எல்லாரும் பாக்கேக்கை நானும் பாக்கவேணும்." அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடமாகக் காசு அனுப்பிய பிள்ளை கேட்டது அது ஒன்றைத்தான். எப்படியும் காட்டுவேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

செத்தவீடன்று கிரியை தொடங்கியதும் லிங்கை அனுப்பினேன். அண்ணன் உடனே போன் எடுத்தார். படம் கண்ணாடி மாதிரித் தெரிகிறது, வீடியோக்காரர் தாயைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பின்னால் போட்டிருக்கிறார், கேட்டுக்கொண்டு எல்லாரும் அழுகிறோம் என்றார். எங்களுக்கு இங்கே பறைமேளமும் பெண்களின் அழுகையும்தான் கேட்டன. வீடியோக்காரரின் கம்பியூட்டரிலிருந்து பாட்டு நேரே நேரலைக்குள் போயிருக்கிறது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

பிறகு தம்பி எடுத்தான். "சுத்துது அக்கா," என்றான்.

போனை நிற்பாட்டிப் போடச் சொன்னேன். போட்டான். வைஃபையை விட்டு டேட்டாவில் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். செயலியை அழித்துத் திரும்ப இறக்கினான். அறையில் நின்ற ரீவியில் லிங்கைத் தேடி எடுத்தான். கூட இருக்கிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், உதவிக்கு ஆளில்லை. ஒவ்வொன்றும் செய்து முடித்து, "இல்லை அக்கா, சுத்துது," என்றே சொன்னான். வீடியோக் கோல் எடுத்துப் பார்த்தேன். வாசல் ஒழுங்கை முழுக்கச் சனம், எல்லார் கையிலும் போன், சிக்னல் இழுபட்டது. அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது, பிறகு கோல் அறுந்தது. அதை அவன் பார்த்துவிட்டானே என்று மறுபடி வீடியோக் கோல் எடுக்கவில்லை.

நான் தம்பியோடு கதைத்த கோலில் அண்ணனும் நடுவில் புகுந்து கத்தத் தொடங்கினார். கனடாவில் ஓடுகிறது, லண்டனில் ஓடுகிறது, பிரான்சில் மட்டும் எப்படி ஓடாமல் போகும் என்றார். எங்கள் ஆட்களில் பிரான்சில் இருப்பவன் தம்பி ஒருவன்தான், அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. "உவனுக்கு ஒரு போனைப் பாவிக்கத் தெரியேல்லை. உங்கை இருந்து என்னத்தைப் பழகினவன்?" என்று அவனும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டுத் தன் போனை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தம்பி பிரெஞ்சு தண்ணிபட்ட பாடாகக் கதைப்பான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். வகுப்புக்குப் போகிறேன் என்று போன புதிதில் அவன் சொன்னதை வைத்து அம்மா கட்டிய கோட்டை அது. கோயிலில் சொல்வார், கலியாண வீட்டில் சொல்வார். அண்ணனின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறார்கள் என்றதும், சந்தேகம் இருந்தால் சித்தப்பாவைக் கேளுங்கோ என்றார். நாங்களும் நம்பினோம். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

உரலில் சுண்ணம் இடிக்கிற கிரியை முடிந்தது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். நேரம் போகிறது, இனிப் பிந்தக்கூடாது என்று ஐயர் சொல்லியனுப்பினார். என் கணவர் ஏதோ சாட்டுச் சொல்லிக் கொஞ்சநேரம் மறித்து வைத்தார். வெயிலில் நின்ற ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். நான் ஒரு கையில் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அம்மாவுக்கு அரிசி போட்டேன். பெற்ற தாயின் வாய்க்குக் கடைசியாகப் போடும்போதும் ரவுட்டரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேனே என்று இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

மாமரத்தடிக்கு வந்து கடைசியாக ஒன்று கேட்டேன். வேறு வீடியோ ஏதாவது போட்டுப் பார், ஓடுகிறதா என்றேன். ஓடுகிறது என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வேறை வீடியோ ஓடுதெண்டால் இது மட்டும் சுத்தாது. உண்மையைச் சொல்லு, அதிலை என்ன நிக்குது?"

மேளச் சத்தத்தில் கேட்பதற்காகப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"கறுப்பாக் கிடக்கு. நடுவிலை எழுத்து நிக்குது."

"என்ன எழுத்து?"

"பிரெஞ்சு."

"அதை வாசிச்சுச் சொல்லன் தம்பி."

"எனக்கு வாசிக்கத் தெரியாது அக்கா," என்றான். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கே அவனுக்குத் தமிழரின் உணவகச் சமையலறையில் வேலை, தமிழரோடு அறை, தமிழ்க் கடையில் சாமான். வரும் கடிதங்களைக்கூட ஒரு தமிழருக்குக் காசு கொடுத்துத்தான் வாசிப்பித்தான் என்று பிறகு சொன்னான். பகலெல்லாம் பாத்திரத்தோடு நின்றவனுக்கு வகுப்பு எங்கே, படிப்பு எங்கே. ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிந்த தாயிடம் அதை எப்படிச் சொல்வான். அந்தத் தாய் செத்துக் கிடக்கும்போதும் அவனால் சொல்லமுடியவில்லை.

திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்ததை என் போனே தமிழாக்கித் தந்தது. இந்த வீடியோவில் உள்ள பாட்டின் உரிமையாளர் அனுமதிக்காததால் உங்கள் நாட்டில் இதைப் பார்க்கமுடியாது என்று எழுதியிருந்தது. சுத்தவும் இல்லை, வேகம் குறையவும் இல்லை. யாரோ ஒருவருடைய பாட்டு என் தம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றிருக்கிறது.

ஓடினேன். வீடியோக்காரர் கதிரையில் ஏறி நின்று கமெராவைப் பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் திகைத்துப்போனார். எல்லாச் செத்தவீட்டுக்கும் போடுகிற பாட்டுத்தான், ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார். பாட்டை நிற்பாட்டினாலும் பழைய லிங்க் அவனுக்குத் திறக்காது, புதிதாகத் தொடங்கவேண்டும், கொஞ்சநேரம் பொறுங்கோ என்று கம்பியூட்டருக்கு முன்னால் குந்தினார். நான் பெட்டியடிக்குத் திரும்பி ஓடினேன். மூடவேண்டாம், கொஞ்சம் பொறுங்கோ என்று கத்தினேன். பெட்டி மூடும்போது மகள் அப்படித்தான் கத்துவாள் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். அவர்களுடைய தோளுக்கு மேலால் மூடி இறங்குவதைப் பார்த்தேன். என் கணவர் அந்தப் பக்கம் தூக்க ஆள் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டி தோளுக்கு ஏறியபிறகுதான் புது லிங்க் வந்தது. அனுப்பினேன். பெண்கள் நாங்கள் படலையோடு நின்றோம். அதற்கு அங்கால் போவது வழக்கமில்லை. போன் அடித்தது.

"ஓடுது அக்கா," என்றான் தம்பி. இவ்வளவு நேரத்தில் முதற்தடவையாக அவன் குரலில் உயிர் இருந்தது. "வடிவாத் தெரியுது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகினம். உன்னையும் காணுறன். முகம் எப்ப காட்டுவினம்?"

பெட்டி என்னைக் கடந்து ஒழுங்கைக்கு இறங்கியது. வெடி கொளுத்தினார்கள். வீடியோக்காரர் சொன்னபடியே படலையடியில் நின்றார், கமெராவைப் பதித்தார், உள்ளே கம்பியூட்டரோடு இருந்த தன் ஆளுக்கு நேரலையை நிற்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். மேளம் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது.

"அக்கா, திரும்பவும் எழுத்து வந்திட்டுது," என்றான். "என்னண்டு போட்டிருக்கு?"

இந்த முறை படமெடுத்து அனுப்பு என்று நான் கேட்கவில்லை.

"முடிஞ்சுது எண்டு போட்டிருக்கு தம்பி," என்றேன்.