செடி இல்லாத ஒரு தாள்

ஏகாம்பரம் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலமானார். காயலான் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் போனில் சொன்னாள். கல்லூரித் தாவரவியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகளில் இறங்கிச் செடி சேர்த்தவர் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு அவர் முதலில் வாடிக்கைக்காரர்.

பழைய பேப்பரை என்னிடம் விற்கத்தான் வருவார்கள். வாங்க வந்தவர் அவர் ஒருவர்தான். பறித்த செடியைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பார். "பாய், வழவழன்னு கீறத குடுக்காத. ஈரத்த குடிக்காது, பூஞ்ச புடிச்சிக்கும்" என்பார். பொறுக்கி முடிக்க அரைமணி நேரம் ஆகும். "பொண்ணு பாக்கவா வந்த?" என்பேன். "பொண்ணுன்னா இம்மாம் நேரம் பாக்க மாட்டேன்" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் வீடு ஒழுகியதால் செடி காய்ந்த தாள் கட்டுகளை என் கிடங்கில் வைத்தார். லோடு ஏற்றும் அவசரத்தில், நானேதான், ஒரு கட்டைப் பிரித்து உள்ளே இருந்த சருகை உதறிவிட்டுத் தாளை எடைக்குப் போட்டேன். அந்தச் சருகில் சாலவாக்கம் ஏரிக்கரையில் அவர் கண்டெடுத்த சின்ன நீர்ச்செடி இருந்தது. வேறெங்கும் அதை அவர் பார்த்ததில்லை.

வந்து குப்பையில் கையை விட்டுத் துழாவினார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒரு வெள்ளக்காரன் பாய், நாலு வருஷம் காட்டுல சுத்திச் சேத்தத கப்பல்ல ஏத்திக்கினு போனான். நடுக்கடல்ல கப்பலு பத்திக்கிச்சி. அவன் இன்னா பண்ணான்? இன்னொரு காட்டுக்குப் போயிட்டான்" என்றார். பிறகு, "நாளைக்கு உன் வண்டிய எடு. சாலவாக்கம் போவலாம்."

போனோம். கரையைப் பலப்படுத்த ஜேசிபி முழுதும் சுரண்டிவிட்டிருந்தது. அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பழையசீவரம் வரை தேடினோம். கிடைக்கவில்லை. வண்டியின் பின்னால் உட்கார்ந்து, அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களைத் தன் பங்காளிகளைப் போலப் பேசிக்கொண்டு வருவார். "அவுங்க பறிச்சது எரநூறு வருஷமா பீரோவுல கீது பாய். இன்னிக்கும் ஒரு செடிமேல சந்தேகம் வந்தா அத எடுத்துத்தான் பாக்கணும். எந்த எடம், எந்த நாளு, யாரு பறிச்சதுன்னு சீட்டு உண்மையா கீது. சீட்டுல பொய் எழுதுனா அது வெறும் வைக்கலு."

காரியம் முடிந்ததும் மகள், "பாய் மாமா, வூட்ட காலி பண்ணணும். அந்தப் பேப்பரெல்லாம் எடைக்கு எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? இந்த முறை ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். நடுவில் ஒரு தாளில் செடியே இல்லை. சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது: சாலவாக்கம் ஏரிக்கரை, நாள், அவர் பெயர். கீழே, "ஈரத்தில் அழுகிவிட்டது."

எனக்குத் தெரிந்து அவர் சீட்டில் எழுதிய ஒரே பொய் அது. என் பெயர் வரக் கூடாதென்று எழுதியது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எந்தக் கட்டு வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் நான் தராசில் ஏற்றுவதில்லை. அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்தப் பழக்கம்தான்.

கட்டுகளைக் கொடுப்பது பற்றி அவர் வேலை பார்த்த கல்லூரியிலேயே பேசினேன். நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொன்னார். "வெறும் தாள் எதுக்கு பாய்?" என்றும் கேட்டார். பேரத்தில் நான் லேசில் இறங்கிவருகிறவன் இல்லை. கடைசியில் முடிவானது இது: விலை கிடையாது. எல்லாக் கட்டும் மொத்தமாகப் போகும். அவர் எழுதிய சீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வெறும் தாளும் மற்றவற்றோடு வரிசையில் இருக்கும். அதன் அடியில், செடியைக் குப்பையில் உதறியவன் நான்தான் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.