புதன்கிழமைக்கு ஒரு டஜன் ஆரஞ்சு

பேர் தெரியாத காயை கெர்தா வாங்கமாட்டாள். விரலை நீட்டிக் காட்டினால் போதும், சாவ் பாவ்லோ தெருச்சந்தையில் எவனும் எடுத்துக் கொடுப்பான். இவளோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைக் குவித்து யோசித்தபடி நிற்பாள். "சொல்லு தாயி! சரியாச் சொல்லிட்டா ஒண்ணு சும்மாவே தர்றேன்" என்று காய்க்காரன் சீண்டுவான். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். கடைசியில் "ஆல்யு!" என்பாள். பூண்டு பைக்குள் விழும்.

ஹைட்டியிலிருந்து பிரேசிலுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வயது முப்பத்தெட்டு, நல்ல உயரம். போர்த்துகீசிய மொழியில் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் வராது. வாடகையைப் பற்றிக் கேட்டால் விழிப்பாள், வெண்டைக்காயைப் பற்றிக் கேட்டால் விளாசித் தள்ளுவாள். "சோறு போடுற வார்த்தை முதல்ல வரட்டும். கவர்மென்ட்டு வார்த்தையெல்லாம் மெதுவா வரும்" என்பது அவள் கட்சி.

டோனா இராசில்டாவின் மதியச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். இந்த ஊரில் கிழமைக்கு ஒரு சமையல், எந்தக் கடையிலும் மாறாது. எனவே சொற்களையும் கிழமை வாரியாகவே பிடித்தாள். வெள்ளிக்கு மீன் வகைகள். புதனுக்குக் கறுப்பு பீன்ஸும் உப்புப் பன்றிக்கறியும்.

அடுப்படிக்கு ஆள் தேவைப்பட்டது. "புதன்கிழமைச் சமையலுக்கு நான் வாயால சொல்லுவேன், கையால காட்டமாட்டேன். தேறிட்டா அடுப்பு உனக்கு. இல்லேன்னா பாத்திரத் தொட்டிதான்" என்றாள் இராசில்டா. அன்றிலிருந்து கெர்தாவுக்குத் தூக்கமே இல்லை.

புதன் வந்தது. பீன்ஸ் என்றால் பீன்ஸ் வந்தது, பூண்டு என்றால் பூண்டு. "லாரான்ஜா, ஒரு டஜன்!" ஆரஞ்சும் வந்தது. சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்த இராசில்டா அலறிவிட்டாள். கறியோடு கடித்துக்கொள்ள வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் வைக்கவேண்டிய பழம் அது. அத்தனையையும் பிழிந்து கறியைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள் கெர்தா.

"அடிப்பாவி, என்னடி பண்றே!"

"கறி கழுவுறேன் அம்மணி. ஆரஞ்சு போட்டுக் கழுவாத வீட்டுல எங்க ஊர்ல யாரும் கை நனைக்கமாட்டாங்க."

வேறு கறிக்கு வழியில்லை. இரவெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பு வடிந்த கறி இது ஒன்றுதான். இராசில்டா திட்டிக்கொண்டே அதைப் பானையில் கொட்டினாள். கெர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை, பழகிய கை அல்லவா காரியத்தைக் கெடுத்துவிட்டது!

மதியம் இராசில்டா கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தாள். இன்னொரு கரண்டி. மூன்றாவதும். கெர்தா பக்கம் திரும்பவே இல்லை. பழக்கடைக்குப் போன் போட்டாள்.

"அடுத்த புதன்லேருந்து ஆரஞ்சு ரெண்டு டஜன் அனுப்புய்யா. ஆமா, ரெண்டு. ஒண்ணு தட்டுக்கு, ஒண்ணு கறிக்கு."

தொட்டியில் பாதிப் பாத்திரம் அப்படியே கிடந்தது. கெர்தா ரப்பர் கையுறைகளை உருவிக் குழாயின் மேல் மாட்டினாள்.