மஞ்சள் போட்ட வண்டி

என் அத்தான் ஜெபகுமாரைச் சும்மா உட்காரச் சொன்னால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதும் அவர் கண் மேலே சுற்றும் ஃபேனில்தான் இருக்கும். “மூணாவது ஃபேன்ல பேரிங் போயிடுச்சு சாலமன், கேக்குதா?” என்று என் காதைக் கடிப்பார். அதற்குப் பிறகு எனக்கும் பிரசங்கம் கேட்காது, பேரிங்தான் கேட்கும். பெண்கள் பக்கத்திலிருந்து என் அக்கா தபீதாள் திரும்பி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்ப்பாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், அந்தப் பார்வைக்குப் பிறகு வாயைத் திறக்க முடியாது.

அத்தானைச் சொல்லியும் குற்றமில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள். மறைமலை நகரில் ஒரு கார் கம்பெனியில் லைன் முடியும் இடத்தில் அவர் இன்ஸ்பெக்டர். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டையும் சோதித்து, மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் அதன் மேல் ஒரு கோடு போடுவார். நட்டில் பாதி, அது உட்கார்ந்திருக்கும் இரும்பில் பாதி என்று கோடு விழும். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் போட்டதை அப்புறம் ஒருவரும் தொடக் கூடாது. வண்டி அடுத்த ஆளிடம் போய்விடும், அவர் அடுத்த வண்டிக்குக் குனிந்துவிடுவார். அது அங்கே சட்டம்.

ரிட்டயர் ஆன கையோடு, குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, லாரியில் ஏற்றி முடிச்சூருக்குக் கொண்டுவந்தார். பச்சை வண்டி. இரண்டே சீட்டு, மேலே மடக்கிப் போடுகிற துணிக் கூரை. என்னைவிட அதற்கு வயது அதிகம். தள்ளித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். அதுவோ தன் எஞ்சினிலேயே உறுமிக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி கேட்டுக்குள் நுழைந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நேரா மகாபலிபுரம்தான் தபி” என்றார் அத்தான். கூரையைத் திறந்துவிட்டால் தலைமுடி பறக்குமே என்று அக்கா மறுநாளே தி.நகரில் ஒரு நீல ஸ்கார்ஃப் வாங்கி வந்தாள்.

ஆறு வருஷமாக அந்த ஸ்கார்ஃப் கடைக் கவரிலேயே இருந்தது.

வண்டி ஓடாமல் இல்லை. நன்றாக ஓடும். சனிக்கிழமை மாலை அத்தான் அதைத் தெரு முனை வரை ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வரும்போது முகம் சுருங்கியிருக்கும். “ஒரு சத்தம் வருது” என்பார். அவ்வளவுதான், ஞாயிறு போச்சு. கதவு ரப்பர், ரேடியேட்டர் குழாய், எலி கடித்த வயர் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கழற்றுவார். துருப்பிடித்த அடித்தகட்டில் எம்-சீல் பசையை அப்புவார். துணிக் கூரை கிழிந்தபோது, ஆட்டோவுக்கு டாப் தைக்கிற கடையில் கொடுத்து அச்சு அசலாகத் தைத்து வாங்கினார். கழற்றுகிற திருகாணிகள் வரிசை மாறக் கூடாது என்று என் அக்காவின் இட்லித் தட்டுக் குழிகளில் ஒவ்வொன்றாக வைப்பார். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் தோசைதான்.

எல்லாவற்றையும் மாட்டி, மார்க்கரை எடுத்து மஞ்சள் கோடு போடும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அது தாங்கும்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஸ்பேனர் விழுகிற சத்தத்தை வைத்தே கீழே என்ன அளவு ஸ்பேனர் விழுந்தது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். எனக்கு வண்டி மேல் கோபமில்லை. அக்கா மேல்தான் கோபம். ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கலாம். “அவருக்குச் சந்தோஷம்னா இருக்கட்டும்டா” என்று சொல்லிவிட்டு, ஸ்கூலுக்குத் தன் ஆல்ட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஞாயிறு காலையில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன், பச்சை வண்டியின் பானெட் மூடிக் கிடக்கிறதா திறந்து கிடக்கிறதா என்று ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் ரெட் அலர்ட் விட்டார்கள். முடிச்சூர்க்காரனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாகக் கார் சாவியைத் தேடும். ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அதனால் மழை வலுக்கும் முன்பே ஆளாளுக்குக் காரைக் கொண்டுபோய் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வருவோம். மனிதர்கள் வீட்டில் மாட்டிக்கொள்வார்கள், கார்கள் பாலத்தில் பத்திரமாக இருக்கும்.

காலையிலேயே தெருவில் கணுக்கால் தண்ணீர். ஸ்கூல் லீவு. நான் கீழே போனபோது சாப்பாட்டு மேஜையில் கார்புரேட்டர் கிடந்தது, திருகாணிகள் இட்லித் தட்டில் இருந்தன. முந்தின நாள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது வண்டி ஒரு நொடி தயங்கியதாம், அதற்காகக் கழற்றிவிட்டார். எதிர்வீட்டு ஏகநாதன் தன் கால்டாக்ஸியைப் பாலத்தில் ஏற்றிவிட்டு நனைந்துகொண்டே வந்தார்.

“இன்னா சார், இன்னும் கழட்டிப் போட்டுகினு கீறீங்க? ஏரி ரொம்பிச்சாம். மதியத்துக்குள்ள தண்ணி வூட்டுக்குள்ள பூந்துரும் சார்.”

“மாட்டிடுவேன்” என்றார் அத்தான்.

“கயிறு கட்டி இஸ்துகினு போயிடலாம் சார். ஒரு வண்டி சொல்றேன்.”

“பம்பர் கையோட வந்துரும். அது தானாவே போகும்.”

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “தண்ணி உள்ள போனா இந்த வண்டி அவ்ளோதானா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அடித்தகடு முழுக்க எம்-சீல்தான், வயரெல்லாம் அவரே சுற்றி ஒட்டியது, ஒரு தடவை முழுகினால் அப்புறம் காயலான் கடைதான் என்று சொன்னேன். வண்டி போனால் மகாபலிபுரமும் போனது, அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அத்தான் மாட்டி முடித்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். தண்ணீர் கேட்டைத் தாண்டி, சக்கரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பெட்ரோல் வரல” என்றார். கார்புரேட்டரை மறுபடி கழற்றினார், ஊதினார், மாட்டினார். பெட்ரோல் வரவில்லை. டேங்க்கில் குச்சி விட்டுப் பார்த்தார், பெட்ரோல் இருந்தது. அவர் வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடமாகத் தொடுவார், விட்டுவிடுவார், வேறொன்றுக்குத் தாவுவார்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, டேங்க்கிலிருந்து வரும் குழாய் பம்ப்பில் சேருகிற இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தினாள். “இது?”

“அது மஞ்சள் போட்டாச்சு.”

“போட்டா?”

“போட்டா பார்க்க வேண்டாம்னு அர்த்தம் தபி. டார்ச்ச இங்க காட்டு.”

அக்கா டார்ச்சை அங்கே காட்டவில்லை. குனிந்து அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினாள். ஸ்பேனரே இல்லாமல் திரும்பியது. அழகாக, நேராக இருந்த மஞ்சள் கோடு நடுவில் உடைந்தது.

அத்தான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முறுக்காமலேயே மஞ்சள் போட்டிருக்கிறார். அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு பம்ப் வெறுமனே அடித்திருக்கிறது. தளர்ந்த நட்டின் மேல் போட்ட கோடும் நேராகத்தான் தெரியும், யாராவது தொடும் வரை. கம்பெனியில் ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை.

“மார்க்கர கையில எடுத்தேன்” என்றார். “அப்ப வைப்பர் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“சரி, இப்ப முறுக்குங்க” என்றாள் அக்கா.

முறுக்கினார். நாலைந்து தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. ஏகநாதன் முன்னால் தண்ணீரில் நடந்து பள்ளம் காட்ட, பச்சை வண்டி தெருவைக் கடந்தது. பின்னாலேயே அக்கா ஆல்ட்டோவை ஓட்டினாள், பக்கத்தில் நான். பச்சை வண்டியின் புகைக்குழாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டே கியர் மாற்றினாள்.

மேடு வந்ததும் ஏகநாதனும் ஆல்ட்டோவில் ஏறிக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் மழை விட்டது. சுவரோரமாக வரிசையாகக் கார்கள். இடம் பிடித்து நிறுத்தினோம். நான் அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அத்தான் இறங்கி, பச்சை வண்டியின் பானெட்டில் காது வைத்தார்.

“ஏறும்போது ஒரு சத்தம் வந்துச்சு. இடது பக்கம்” என்று சொல்லிக்கொண்டே பானெட் கொக்கியில் கை வைத்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவள் கத்தவில்லை. நேராக அவரிடம் போய், சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்தாள். ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, பானெட்டில் பாதி, பக்கத்துத் தகட்டில் பாதி விழுகிற மாதிரி ஒரு மஞ்சள் கோடு இழுத்தாள். பச்சை பெயின்டின் மேல் அது பளிச்சென்று விழுந்தது.

“தபி, என்ன பண்ற?”

“உங்க கம்பெனில மஞ்சள் போட்டப்புறம் வண்டி யார்கிட்ட போகும்?”

“அடுத்த ஆளுகிட்ட.”

“நம்ம வீட்ல அடுத்த ஆள் யாரு? ஆறு வருஷமா நீங்களே போட்டு நீங்களே வாங்கிக்கிறீங்க. சாவியக் குடுங்க.”

இந்த மனிதர் நிம்மதி இல்லாமல் அலைவதை இத்தனை வருஷம் நான் கேலி செய்து சிரித்திருக்கிறேன். அவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அத்தான் கோட்டைப் பார்த்தார். கை கொக்கியிலிருந்து மெல்ல இறங்கியது. மஞ்சள் போட்டதைத் திறக்க அவருக்கு இன்னும் கை வரவில்லை. சாவியைக் கொடுத்தார். அக்கா கைப்பையைத் திறந்து, கடைக் கவரிலிருந்து நீல ஸ்கார்ஃபை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது பத்திரம், நகை, மருந்து எல்லாம் எடுப்பார்கள். அவள் இதையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

துணிக் கூரையை மடக்கினோம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் இடது சீட்டில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் முழங்காலில் வைத்துக்கொண்டார். எனக்கு இடமில்லை. மகாபலிபுரம் போகிற நாளா அது, ஜி.எஸ்.டி. ரோட்டில் மேடாக இருந்த பக்கம் வண்டலூரை நோக்கிப் போனார்கள். நானும் ஏகநாதனும் பாலத்தில் நின்று டீ குடித்தோம்.

வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்த சமயம் திரும்பினார்கள். காற்றடித்து அக்கா முகமெல்லாம் சிவந்திருந்தது. மறைமலை நகர் வரைக்கும் போய், அவர் வேலை பார்த்த கம்பெனி கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்களாம். பானெட்டில் கோடு உடையாமல் இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அத்தான், இடது பக்கம் அந்தச் சத்தம் என்ன ஆச்சு?” என்றேன்.

அவர் கதவைத் திறந்து நிதானமாக இறங்கினார்.

“இருந்திருக்கும்” என்றார். “உங்க அக்கா பேசிட்டே வந்தா. நான் கவனிக்கல.”