நின்றால் வரும் இங்கிலீஷ்

ஜூன் 10, திங்கட்கிழமை. வழக்கம்போல நானும் தோழியும் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினோம். கும்மிடிப்பூண்டியில் ஒரே தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை, அவளுக்குப் பேக்கிங். மறுநாள் அவளுக்கு சூப்பர்வைசர் பதவிக்கான இன்டர்வியூ, அதுவும் இங்கிலீஷில். அதற்காகச் சில மாதங்களாகவே ரயில் நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றபடி நான் இங்கிலீஷில் கேள்வி கேட்பேன், அவள் தடங்கலின்றிப் பதில் சொல்வாள்.

மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டேன். அவளுக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.

"இன்னாடி ஆச்சு? காலைல பொளந்து கட்டினியே?"

"தெர்லடி. நாளைக்கு அங்க ஊமை மாதிரி குந்தினு இருக்கப் போறேன்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எழுந்து நில்லு, பாப்போம்."

"எல்லாரும் பாக்குறாங்கடி. பீட்டர் உடுறாளுங்கன்னு சிரிப்பாங்க."

முனகிக்கொண்டே எழுந்தாள். கை தானாக மேலே போய், அங்கே இல்லாத கம்பியைத் தேடியது. கேட்டேன், பதில்கள் கடகடவென வந்தன. உட்காரச் சொன்னேன், நின்றுபோயின. மீண்டும் செய்து பார்த்தோம். அப்படியேதான்.

"இன்டர்வியூல நாற்காலி போட்டு குந்த வெப்பாங்களே!" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். நின்றுகொண்டே இன்டர்வியூவில் பேசலாமா என்று அவர் மேஜை முன் நின்று அவள் தடங்கலின்றி இங்கிலீஷிலேயே கேட்டாள்.